நார்மண்டிக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் வடகரையில், நார்மண்டியில், அமெரிக்க, பிரிட்டிஷ், கனடிய வீரர்கள் அடங்கிய நேச நாட்டுப் படைகள் இறங்கின. அந்தக் கடற்கரைகளையும் நினைவிடங்களையும் வழிகாட்டியுடன் ஒரே நாளில் பார்த்து வருவது பற்றி பினாங்கு, கோலாலம்பூர் வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பாரிஸில் 4 இரவு தங்குகிறோம். அதில் ஒரு நாள் நார்மண்டி போய் இரவே திரும்ப முடியுமா? காலை 7 மணிக்குக் கிளம்பும் பஸ் ஒன்று இருக்கிறது என்கிறார் பயண முகவர்.
(வாசகர், பங்சார்)

முடியும். ஆனால் அன்று நீங்கள் அதிகம் பார்ப்பது நெடுஞ்சாலையாகத்தான் இருக்கும். கடற்கரைகளுக்கு வாசல் மாதிரி இருக்கும் ஊர் பாயூ. பாரிஸிலிருந்து அங்கே சுமார் 270 கிலோமீட்டர். போக 3 மணி நேரம், வர 3 மணி நேரம், மாலையில் பாரிஸ் நெரிசலில் மாட்டினால் இன்னும் கூடும். கோலாலம்பூரிலிருந்து தைப்பிங் போய், ஐந்தாறு இடம் சுற்றிவிட்டு, அன்றிரவே வீடு வந்து சேருவதை நினைத்துப் பாருங்கள். மொத்தம் 12 முதல் 14 மணி நேரம் ஆகும் இந்தப் பயணத்தில், மதியச் சாப்பாடும் கான் நகரத்து அருங்காட்சியகமும் போக, கரையோரம் நிற்கக் கிடைப்பது சொற்ப நேரம்தான்.

முதல் நாள் பிற்பகலே பாரிஸின் சேன்-லாசார் நிலையத்தில் ரயிலேறிப் பாயூவில் இறங்கி, ஓர் இரவு அங்கே தங்குங்கள். ரயில் இரண்டேகால் மணி முதல் இரண்டே முக்கால் மணி நேரம் எடுக்கும். சில வண்டிகள் நேரே போகும், சிலவற்றுக்குக் கானில் மாற வேண்டும். மறுநாள் காலை பாயூவிலிருந்தே கிளம்பும் 8 பேர் வேனில் ஏறினால், முழு நாளும் கரையோரத்திலேயே கழியும். மாலை ரயிலில் பாரிஸ் திரும்பிவிடலாம். பெரிய பெட்டிகளைப் பாரிஸ் விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டுத் தோள்பையுடன் போங்கள்.

‘ஒரு விடுதிச் செலவை மிச்சப்படுத்தி அதிகாலை முதல் ரயிலில் போகிறேன்’ என்பவர்கள்தாம் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். முழுநாள் வேன்கள் 8.30, 9 மணிக்கே நகர்ந்துவிடும். ரயில் தாமதமானால் வேன் நிற்காது, கட்டிய பணமும் திரும்பாது. முதல் ரயில் எத்தனை மணிக்குப் பாயூவைத் தொடுகிறது என்று பார்க்காமல் வேனுக்குப் பணம் கட்டாதீர்கள். பிரான்சில் ரயில் வேலைநிறுத்தமும் அபூர்வமல்ல.

இன்னொரு எச்சரிக்கை, ஊர்ப்பெயரைப் பற்றியது. காதுக்குக் ‘கான்’ என்று கேட்கும் ஊர்கள் பிரான்சில் இரண்டு உண்டு, எழுத்து மட்டும் வேறு. ஒன்று நார்மண்டியில் இருக்கிறது. மற்றது திரைப்பட விழா நடக்கும் தென்கோடிக் கடலோரம். முகவரிடம் வாய்மொழியாகச் சொல்லி டிக்கெட் எடுப்பவர்கள் அச்சில் வரும் பெயரை ஒருமுறை சரிபாருங்கள்.

விமானம் இறங்கிய மறுநாளே இந்தப் பயணத்தை வைக்க வேண்டாம். கோடையில் பிரான்ஸ் நமக்கு 6 மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் 7. அங்கே மாலை 5 மணிக்கு உங்கள் உடம்புக்கு இரவு 11 மணி. வழிகாட்டி மிக முக்கியமான இடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது வேனில் பாதிப்பேர் தூங்கி வழிவதற்குக் காரணம் இதுதான்.

ஐந்து கடற்கரைகளையும் ஒரே நாளில் பார்க்கலாமா? எதை விடலாம்?
(வாசகி, ஜார்ஜ்டவுன்)

பார்க்கலாம், வேன் கண்ணாடி வழியாக. மேற்கிலிருந்து கிழக்காக யூட்டா, ஒமாஹா, கோல்ட், ஜூனோ, ஸ்வோர்ட் என்று ஐந்தும் சுமார் 80 கிலோமீட்டர் கரையில் பரவிக் கிடக்கின்றன. முதல் இரண்டில் அமெரிக்கர்களும், கோல்ட், ஸ்வோர்ட்டில் பிரிட்டிஷாரும், ஜூனோவில் கனடியர்களும் இறங்கினார்கள். கரையோரச் சாலைகள் கிராமங்களுக்குள் நுழைந்து நுழைந்து போகும், வேகம் எடுக்காது.

பயண நிறுவனங்கள் இதை இரண்டாகப் பிரித்தே விற்கின்றன. ‘அமெரிக்கப் பக்கம்’ என்றால் சேன்ட்-மேர்-எக்லீஸ், யூட்டா, புவான்ட் து ஹாக், ஒமாஹா, கோல்வில் கல்லறைத் தோட்டம். ‘பிரிட்டிஷ்-கனடியப் பக்கம்’ என்றால் பெகாசஸ் பாலம், ஸ்வோர்ட், ஜூனோ, அரோமான்ஷ். முதன்முறை போகிறவர்களுக்கு இரண்டையும் தொடும் ஒரு நடுவழியை நாங்கள் விரும்புகிறோம். காலையில் அரோமான்ஷ். அடுத்து மேற்கே சில கிலோமீட்டரில் லோங்-சூர்-மேர் பீரங்கித்தளம். பிறகு கோல்வில் கல்லறைத் தோட்டம், கீழே ஒமாஹா மணல், கடைசியாக புவான்ட் து ஹாக். வரிசையாக மேற்கு நோக்கிப் போவதால் போன வழியே திரும்பி வரும் வேலை இல்லை. யூட்டாவையும் பெகாசஸ் பாலத்தையும் விட்டுவிடலாம். அவை இரு கோடிகள்.

லோங்-சூர்-மேரை மட்டும் எந்தப் பட்டியலிலிருந்தும் வெட்டாதீர்கள். நான்கு கான்கிரீட் அறைகளில் ஜெர்மானியர்களின் 150 மில்லிமீட்டர் பீரங்கிகள் இன்னும் அதே இடத்தில் நிற்கின்றன. கட்டணம் இல்லை. புவான்ட் து ஹாக்கில் கதை நேர்மாறு. சுமார் 30 மீட்டர் செங்குத்துப் பாறையைக் கயிறும் ஏணியுமாக 225 அமெரிக்க ரேஞ்சர் வீரர்கள் ஏறியது ஆறு பெரிய பீரங்கிகளை அழிப்பதற்காக. மேலே போய்ப் பார்த்தால் பீரங்கிகள் அங்கே இல்லை. உள்ளே தள்ளி ஒரு தோப்போரம் நகர்த்தி வைத்திருந்தார்கள். தேடிக் கண்டுபிடித்துச் செயலிழக்க வைத்தார்கள். இரண்டு நாளுக்குப் பின் ஆயுதம் தூக்கும் நிலையில் இருந்தவர்கள் சுமார் 90 பேர். குண்டுவிழுந்த குழிகளைத் தூர்க்காமல் அப்படியே விட்டிருப்பதால், படிக்காமல் வந்தவர்களுக்கும் இந்த இடம் புரியும்.

போய் வந்தவர்கள், ‘வெறும் மணல்தான், பினாங்கின் பத்து ஃபெரிங்கிக் கடற்கரை இதைவிட அழகு’ என்கிறார்கள். அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?
(வாசகர், தெலுக் கும்பார்)

அவர்கள் அலை ஏறியிருந்த நேரத்தில், அதாவது கடல்மட்டம் உயர்ந்திருந்தபோது, போயிருப்பார்கள். கடலோரத்தில் வசிக்கும் உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். பினாங்கில் ஏற்றத்துக்கும் (கடல் உயர்வது) வற்றுக்கும் (கடல் தாழ்வது) வித்தியாசம் பெரிய அலை நாளில் சுமார் 2 மீட்டர். நார்மண்டிக் கரையில் அது 6, 7 மீட்டர் வரை போகும். கரை மெல்லச் சரிவதால், தண்ணீர் இறங்கும்போது முந்நூறு மீட்டர் அகலத்துக்கு மணல் வெளியே வரும். ஏறும்போது அதே இடம் ஒரு ரிப்பன் அளவு சுருங்கிவிடும்.

படையெடுப்பின் திட்டமே இந்த அலையை வைத்துப் போட்டதுதான். வீரர்கள் திறந்தவெளி மணலில் குறைந்த தூரம் ஓட வேண்டியிருக்கும் என்பதால் எதிரி ஏற்ற நேரத்தில் வருவான் என்று ஜெர்மன் தளபதி ரோமல் கணக்குப் போட்டார். ஏற்ற நீருக்குள் மறையும்படி கரையில் மரக்கம்பங்கள், கண்ணிவெடி கட்டிய முளைகள், இரும்புச் சிலுவைகள் என்று நட்டு வைத்தார். நேச நாட்டவர் வற்று முடிந்து தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதுதான் தடைகள் கண்ணுக்குத் தெரியும், பொறியாளர்கள் வெட்டி அகற்றலாம், மணலில் தட்டிய படகும் ஏறும் தண்ணீரில் மீண்டும் மிதக்கும். கூடவே வான்படைக்கு நிலவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்த நாட்கள் ஜூன் 5, 6, 7. 5ஆம் தேதி வானிலை கெட்டதால் 6க்குத் தள்ளியது. வற்று மேற்கில் முதலில் வந்து கிழக்கில் பிந்தி வருவதால்தான் அமெரிக்கர்கள் காலை 6.30க்கும், பிரிட்டிஷார் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்து 7.25க்கும் இறங்கினார்கள்.

இதன் விலை என்ன என்பதும் ஒமாஹா மணலில்தான் விளங்கும். தடைகளுக்கு நடுவே 16 வழி திறக்கத் திட்டமிட்டிருந்தார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் சிலவற்றையே திறக்க முடிந்தது. வற்று நேரத்தில் நீர்விளிம்பு வரை நடந்து போய், திரும்பி நின்று மேட்டைப் பாருங்கள். இயந்திரத் துப்பாக்கி இருந்த முகடு அவ்வளவு தூரத்திலும் உங்களையே பார்ப்பதுபோல் இருக்கும். ஏற்ற நேரத்தில் போனால் அந்த மேட்டின் காலடியில்தான் நிற்பீர்கள். எதுவும் புரியாது.

எனவே விமான டிக்கெட்டுக்கு அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது அலை அட்டவணை. அரோமான்ஷ் அல்லது போர்-ஆன்-பெசான் என்ற பெயரில் தேடுங்கள். வற்று நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்னுக்குப் போகும். பிரெஞ்சு அட்டவணையில் நேரத்தின் பக்கத்தில் 20 முதல் 120 வரை ஓர் எண் இருக்கும், அதுதான் அலையின் பலம். 90க்கு மேல் என்றால் கடல் வெகுதூரம் உள்வாங்கும். வற்று காலையில் என்றால் ஒமாஹாவையோ அரோமான்ஷையோ காலையில் வைக்கச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். குழு வேனில் வரிசையை மாற்ற மாட்டார்கள். அப்படியானால் பயணத் தேதியை மாற்றுங்கள்.

அரோமான்ஷில் இன்னொரு லாபம். அங்கே கடலில் கொண்டுவந்து அமிழ்த்திய செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டிகள் இன்றும் கிடக்கின்றன. அவற்றில் பெரியவை 6,000 டன் எடையும் 60 மீட்டர் நீளமும் கொண்டவை. இங்கிலாந்திலிருந்து இழுவைக் கப்பல்களில் கட்டி இழுத்து வந்தார்கள். ஒமாஹாவிலும் இப்படி ஒன்று இருந்தது. ஜூன் 19 முதல் 22 வரை அடித்த புயலில் அது நொறுங்கிப்போனது. அரோமான்ஷில் வற்று நேரத்தில் கரைப்பக்கத்துப் பெட்டிகள் வரை நடக்கலாம். ஆனால் மேலே ஏறாதீர்கள், பாசி வழுக்கும், கம்பிகள் துருத்திக்கொண்டிருக்கும். தண்ணீர் திரும்பும்போது முன்னால் வராமல் பின்பக்கப் பள்ளங்களில் நிரம்பி உங்களைச் சுற்றிக்கொள்ளும். அட்டவணையில் உள்ள வற்று நேரம் வந்ததும் திரும்பி நடக்கத் தொடங்குங்கள்.

அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. சக்கர நாற்காலி எடுத்துப் போனால் பயன்படுமா?
(வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

கோல்வில் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் நன்றாகவே பயன்படும். பாதைகள் சமமானவை. ஆனால் வளாகம் 172 ஏக்கர், நடக்க நிறைய இருக்கிறது. நுழைவில் விமான நிலையம் போலப் பைகளைச் சோதிப்பார்கள். கழிப்பறை வருகையாளர் மையத்தில்தான், உள்ளே போகும் முன்பே அம்மாவைக் கேட்டுவிடுங்கள். தோட்டத்திலிருந்து நேரே கடற்கரைக்கு இறங்கிய பழைய பாதையை மூடிவிட்டார்கள். மணலுக்குப் போக வேன் சுற்றித்தான் வரவேண்டும், அதுவே உங்களுக்கு நல்லது.

புவான்ட் து ஹாக்கில் குழிகளுக்கு நடுவே மேடுபள்ளம். பதுங்கறைகளுக்குள் படிகள். சக்கர நாற்காலி ஓரளவுதான் போகும். பாறை விளிம்பு அரிப்பால் சரிந்துகொண்டிருப்பதால் சில பகுதிகளை வேலி போட்டு அடைத்திருப்பார்கள். அங்கே அம்மா வருகையாளர் மையத்தில் இளைப்பாறலாம். அரோமான்ஷில் கடலோர நடைபாதையிலிருந்தே பெட்டிகள் தெரியும், மணலில் இறங்க வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். வேனின் படி எவ்வளவு உயரம்? மடக்கிய நாற்காலிக்குப் பின்னால் இடம் உண்டா? முன்னிருக்கையை ஒதுக்கித் தருவார்களா? 8 பேரும் நிரம்பிய வேனில் நாற்காலிக்கு இடமே இருக்காது என்பதை அன்று காலையில் தெரிந்துகொள்வதுதான் வழக்கமான தலைவலி.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இங்கிருந்து கட்டிக்கொண்டு போகலாமா?
(வாசகர், செந்தூல்)

நார்மண்டி வெண்ணெய், கிரீம், பாலாடைக்கட்டி, கடலுணவு ஊர். சுத்த சைவம் கேட்டால் விழிப்பார்கள். கைகொடுப்பது கலெத் எனப்படும் பக்வீட் (ஒரு வகைத் தானியம்) மாவு ரொட்டி, தோசை போலவே கல்லில் ஊற்றுவது. பாலாடைக்கட்டி, காளான் வைத்துக் கேளுங்கள். ‘கோம்ப்லெத்’ என்று சொன்னால் பன்றியிறைச்சியும் முட்டையும் சேர்ந்தே வரும். கல்லில் பன்றிக்கொழுப்பு தடவும் பழைய பழக்கம் சில கடைகளில் உண்டு, வெண்ணெயில் சுடச் சொல்லுங்கள். உணவகங்கள் 12 முதல் 2 வரைதான் சமைக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் அடுப்பு எரியாது. காலையிலேயே பாயூவில் ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நிம்மதி.

இங்கிருந்து கொண்டுபோனால் ஐரோப்பிய ஒன்றிய எல்லையில் இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் தடை. செருண்டிங், ரெண்டாங், பனீர், நெய் எதுவும் கூடாது. புளிக்காய்ச்சல், ஊறுகாய் பரவாயில்லை. பழங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். விலக்குப் பெற்றவை ஐந்தே: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, அப்புறம் டுரியான். ஆனால் டுரியான் விளையும் பாலிக் புலாவ் அன்பர்கள் ஆசைப்பட வேண்டாம், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

விசா?
(பலர்)

மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை சுற்றுலா விசா தேவையில்லை. எல்லையில் முகப்படமும் கைரேகையும் பதியும் புதிய முறை 2025 அக்டோபரில் தொடங்கியிருக்கிறது. வரிசை நீளும், பாரிஸில் இறங்கிய கையோடு ரயில் பிடிக்கும்படி நேரம் வைக்காதீர்கள்.

இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான இந்தியர்கள் சண்டையிட்டார்கள். நார்மண்டி நினைவிடங்களில் நம்மவர் பெயரைத் தேட வேண்டுமானால் எங்கே பார்க்க வேண்டும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்)

ஐயா, நார்மண்டியில் தேடினால் ஏமாற்றம்தான். இந்திய ராணுவத்தின் டிவிஷன் எதுவும் அந்தத் தரையிறக்கத்தில் இல்லை. 1944இல் அவர்கள் இத்தாலியிலும் பர்மாவிலும் இருந்தார்கள். பாயூ போர்க் கல்லறையில் 4,600க்கும் மேற்பட்ட கல்லறைகள் உண்டு. பெரும்பாலும் பிரிட்டிஷார், நூற்றுக்கணக்கான ஜெர்மானியரும் அங்கேயே கிடக்கிறார்கள். அது பாயூ ஊருக்குள்ளேயே இருப்பதால் மாலையில் ரயிலுக்கு முன் நடந்தே பார்த்துவிடலாம்.

பிரான்சில் இந்திய வீரர்களின் பெயர் பொறித்த பெரிய நினைவிடம் நோவ்-ஷாபெல். அது முந்தைய போருக்கானது. 1915 மார்ச்சில் அங்கே நடந்த சண்டையில் இந்தியப் படை பெரும் பங்கெடுத்தது. கல்லறை தெரியாத 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் வட்டச் சுவரில் இருக்கின்றன, நடுவே உச்சியில் தாமரை தாங்கிய தூண். 1927இல் திறந்தார்கள். இடம் வடக்கே, லில் நகரத்துக்குப் பக்கம். நார்மண்டியோடு ஒரே நாளில் சேர்க்கவே முடியாது. பாரிஸிலிருந்து லில்லுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம், அங்கிருந்து கார். இதையும் அதையும் ஒரே பொட்டலமாக விற்கும் முகவரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் போரின் இந்திய வீரர்களைத் தேடுகிறீர்கள் என்றால் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பட்டர்வொர்த்தில் ரயிலேறித் தைப்பிங்கில் இறங்குங்கள். புக்கிட் லாருட் போகும் சாலையில், ஏரிப் பூங்காவைத் தாண்டியதும் போர்க் கல்லறை. சாலை அதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், எதிர்ப்பக்கம் முஸ்லிம்களும் கூர்க்கர்களும் பிற இந்திய வீரர்களும். பலர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள். 850க்கும் மேற்பட்ட கல்லறைகளில் 500க்கும் மேல் பெயர் தெரியாதவர்கள். தைப்பிங்கில் பிற்பகல் மழை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், காலை 10 மணிக்குள் அங்கே இருப்பது நல்லது.

பிரான்சுக்குப் போக எங்களுக்குக் காசில்லை. இங்கேயே ஒரு தரையிறங்கு கடற்கரையைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?
(வாசகி, கெப்போங்)

முடியும். காலக் கணக்கில் அது நார்மண்டித் தரையிறக்கத்துக்கும், அமெரிக்கத் துறைமுகமான பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதலுக்கும் மூத்தது. 1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானியர்கள் கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாருவில் இறங்கினார்கள். பேர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழ அப்போது இன்னும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. மூன்று கப்பல்களில் வந்த 5,000க்கும் மேற்பட்டவர்களை சபாக், பாடாங் கடற்கரைகளில் முதலில் எதிர்கொண்டவர்கள் இந்திய ராணுவத்தின் டோக்ரா படைப்பிரிவினர். ஆஸ்திரேலிய ஹட்சன் விமானங்கள் ‘அவாசிசான் மாரு’ என்ற கப்பலைக் குண்டு போட்டு எரித்தன. ஆனாலும் அன்று மாலைக்குள் விமானத்தளம் கைவிட்டுப் போனது, மறுநாள் நகரம்.

இதை ஒரு நாள் பயணமாக அமைப்பது சுலபம், ஏனென்றால் அந்த விமானத்தளத்தில்தான் நீங்களே இறங்குவீர்கள். பெங்காலான் செப்பாவில் இருக்கும் இன்றைய விமான நிலையம்தான் அன்று ஜப்பானியர்கள் குறிவைத்த தளம். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம் பறந்தால் போதும். அங்கிருந்து சபாக் கரை காரில் சில நிமிடம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: டோக்ரா வீரர்கள் நின்ற அதே மணலைப் பார்க்க முடியாது, கடல் அரித்து உள்ளே வந்துவிட்டது. நார்மண்டியைப் போல வழிகாட்டிப் பலகைகளும் அருங்காட்சியகங்களும் வரிசை கட்டி நிற்காது. அதனால் வரைபடத்தோடு விளக்கும் உள்ளூர் வழிகாட்டி இங்கேதான் கட்டாயம் வேண்டும். அடுத்து நகருக்குள் பேங்க் கெராப்பு. 1912இல் கட்டிய வங்கிக் கட்டடம், ஜப்பான்காரன் காலத்தில் கெம்பெய்தாய் ராணுவப் போலீஸின் கையில் இருந்தது, இப்போது போர் அருங்காட்சியகம். கிளந்தானில் வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள். நவம்பர் முதல் மழைக்காலம். படைகள் இறங்கிய கொந்தளிப்பைப் பார்க்க டிசம்பர்தான் பொருத்தம் என்று சிலர் போகிறார்கள். வெள்ளத்தில் சாலை மூடினால் விடுதியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். மார்ச் கடைசிக்குப் பிறகு போங்கள்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இன்னும் குறுகிய வழி உண்டு. 1941 டிசம்பர் 11இல் ஜார்ஜ்டவுன் மேல் குண்டு விழுந்தது. சில நாளில் பிரிட்டிஷார் வெள்ளையரை மட்டும் ஏற்றிக்கொண்டு தீவைக் கைவிட்டார்கள். 19ஆம் தேதி ஜப்பானியர்கள் உள்ளே வந்தார்கள். அந்த இடைநாட்களில் கார்ன்வாலிஸ் கோட்டைக் கொடிமரத்திலிருந்து பிரிட்டிஷ் கொடியை இறக்கி, ஊரைக் கட்டிக் காக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகை ஆசிரியர், இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. கோட்டையில் தொடங்கி, எஸ்பிளனேடு ஓரமாக நடந்து, போரில் உடைந்து 1948இல் மறுபடி எழுப்பிய நினைவுத்தூண் வரை வாருங்கள். பிறகு காரில் பத்து மாவோங் கோட்டை. கடலைப் பார்த்துக் கட்டிய அந்தப் பீரங்கி மேடுகளுக்குச் சண்டையே வரவில்லை என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். கொசு மருந்து மறக்க வேண்டாம்.

தாத்தாவின் அண்ணனைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. கஞ்சனாபுரி கல்லறையில் அவர் பெயர் இருக்குமா?
(வாசகர், நிபோங் திபால்)

இருக்காது. கஞ்சனாபுரி போர்க் கல்லறையில் உள்ள ஏறத்தாழ 6,980 கல்லறைகளும் போர்க்கைதிகளான ராணுவத்தினருடையவை. அவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ஜப்பானியர்கள் போட வைத்த 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒன்றை யாரும் எழுதி வைக்கவில்லை. கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தொழிலாளர்களில் 90,000 அளவுக்கு என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெருந்தொகை மலாயாத் தமிழர்.

நீங்கள் போக வேண்டிய இடம் அதே நகரில் உள்ள வாட் தாவோர்ன் வரராம் கோயில். தொழிலாளர்களின் கூட்டுப் புதைகுழிகளிலிருந்து எடுத்த எலும்புகள் மேல் எழுப்பிய தூபி அங்கே இருக்கிறது, மலேசியத் தமிழர் முயற்சியில் நட்ட நடுகல்லும் இருக்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் ஒருநாள் சுற்றுலா வேன்கள் பாலம், போர்க் கல்லறை, ஹெல்ஃபயர் கணவாய் என்று போய்விடும். கோயிலைச் சேர்க்கச் சொல்லி முன்பே எழுதி உறுதி வாங்குங்கள், அல்லது நீங்களே நகரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போங்கள்.

எந்த மாதம் நார்மண்டிக்கு நல்லது? ஜூன் 6 அன்றே போனால் விசேஷமாக இருக்குமே?
(வாசகர், ஆயர் ஈத்தாம்)

விசேஷமாகத்தான் இருக்கும், சாலைகளை மூடுவார்கள், விடுதி விலை எகிறும், தலைவர்கள் வந்தால் கல்லறைத் தோட்டத்துக்கே அனுமதிச்சீட்டு கேட்பார்கள். மே பின்பாதி அல்லது செப்டம்பர் போங்கள். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம், டிசம்பரில் 5 மணிக்கே இருட்டு. ஜனவரியில் பல அருங்காட்சியகங்கள் அடைத்திருக்கும். ஜூலையிலும் கரையில் காற்று அறையும். குடை ஒரு நிமிடத்தில் மடங்கிப்போகும், தொப்பி வைத்த மழைச்சட்டையே வேண்டும். வெள்ளைக் காலணி வேண்டாம்.

குழு வேனில் ஒரு நாளைக்கு ஆளுக்கு 100 யூரோவுக்கு மேல் ஆகும். அதில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் இருக்காது. அருங்காட்சியகக் கட்டணம் சேர்ந்ததா, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். 8 இடம் காட்டுகிறேன் என்பவரைவிட 4 இடம் என்பவரே எங்கள் தேர்வு. விளக்கம் ஆங்கிலத்தில் வரும், கூட்டத்தில் பாட்டி இருந்தால் யாராவது ஒருவர் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டியதுதான்.

ஒமாஹா மணலை ஒரு சின்ன புட்டியில் எடுத்து வரலாமா?
(மாணவி, தஞ்சோங் பூங்கா)

கூடாது. பிரான்சில் கடற்கரை மணலை எடுப்பது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. துருப்பிடித்த இரும்பு எதுவும் கண்ணில் பட்டால் தொடவும் வேண்டாம், வெடிக்காத குண்டுகள் இன்னும் அகப்படுகின்றன. மெட்டல் டிடெக்டர் கொண்டுபோவதும் தடை.

ஆனால் அந்த மணலுக்கு ஒரு வேலை அங்கேயே இருக்கிறது. கோல்வில்லில் 9,380க்கும் மேற்பட்ட வெள்ளைப் பளிங்குக் கற்கள் எல்லாம் மேற்கே, அமெரிக்கா இருக்கும் திசையைப் பார்த்து நிற்கின்றன. வெள்ளையில் வெட்டிய எழுத்து என்பதால் புகைப்படத்தில் பெயர் விழாது. இறந்தவரின் குடும்பம் வந்தால் ஊழியர் ஒருவர் ஈர மணல் வாளியோடு கூடவே போவார். ஒமாஹாவிலிருந்து எடுத்த மணல் அது. எழுத்துகளின் மேல் தேய்த்து மிச்சத்தைத் துடைத்ததும் பெயர் பொன்னிறமாகத் தெரியும். அடுத்த மழையில் கழுவிக்கொண்டு போய்விடும்.